சிரித்தும் சுருங்காத கண்கள்

நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த மாலைப் பத்திரிகையில், ஒரு செய்தி தவறாக வந்துவிட்டால் மறுநாள் மூன்றாம் பக்கத்தின் கீழ் மூலையில் திருத்தம் போடுவோம். என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், வருந்துகிறோம். நான்கு வரிக்கு மேல் போகாது. அந்தச் சின்னக் கட்டத்தை வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவது என் வேலையாக இருந்தது.

போன மாதம் கொச்சி கலூரில் ஒரு மெட்ரோ தூணுக்கு ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த இளையவர்கள் என்னைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் நான் சாரத்தில் ஏறுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து சாயா கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"செல்விச்சேச்சி, மட்டாஞ்சேரி பண்டகசாலைச் சுவருல அந்த அம்மா வாயெல்லாம் பல்லாச் சிரிக்கிறாங்க. ஆனா கண்ணு மட்டும் சுருங்கல்லே, நல்லா விரிஞ்சிருக்கு. அது சேச்சியோட ஸ்டைலா?"

"ஆமா" என்றேன். அவள் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

அந்தச் சுவருக்கு முன்னால் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவரும் வழிகாட்டி ஒருவர், அந்தக் கண்கள் உழைப்பாளியின் விழிப்பைக் காட்டுகின்றன என்று சொல்வதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் மறுக்கவில்லை. ஆக, தவறான தகவல் இரண்டு முறை வெளியாகியிருக்கிறது. திருத்தம் போட வேண்டியது என் பொறுப்பு. நான்கு வரியில் அடங்காது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பாவுக்கு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், தெருவில் இரண்டும். பத்திரிகையில் பக்கம் ஒட்டும் வேலையில் கட்டம் போடவும் அளவை மனதில் வைத்துக்கொள்ளவும் பழகினேன். கணினி வந்ததும் ஒட்டுகிறவர்கள் தேவைப்படவில்லை; சில வருடங்களில் பத்திரிகையும் நின்றது. பிறகு கடைப்பலகை எழுதினேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதினேன். என் கை எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை, எழுத்து நேராக இருந்தால் போதும். கொச்சியில் சுவரோவியங்களுக்கு மவுசு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. காகிதத்தில் ஒரு அங்குலம் இருப்பதைச் சுவரில் ஒரு அடியாக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு குழு தேடியது. போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் குழுவின் தலைவி ரெஜினா. என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். முதல் நாள் நான் 'மேடம்' என்றேன். "மேடம்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்கமாட்டேன், செல்விச்சேச்சி" என்றார். அன்றிலிருந்து ரெஜினா என்ற பெயர்தான், 'நீங்க' என்ற மரியாதையோடு.

ரெஜினா ஒரு வேலையை நல்லது என்றோ மோசம் என்றோ சொல்ல மாட்டார். மாலை நான்கு மணிக்கு ஒரு பழம்பொரியை, அதாவது வாழைப்பழ பஜ்ஜியை, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். கடைசிக் கடி வரைக்கும் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டால் வேலை தேறிவிட்டது. பாதியில் நிறுத்தி மிச்சத்தைக் காகிதத்தில் மடித்தால், எங்கேயோ கோளாறு. எந்த இடத்தில் என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். சாரத்தின் மேல் நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னால் காகிதம் மடங்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம்.

அவருக்கு ஒரு விதி உண்டு. முகத்தில் கண் கடைசி. கண் வைத்துவிட்டால் முகத்தின் அளவும் பாவமும் முடிவாகிவிடும், பிறகு எதையும் நகர்த்த முடியாது. நான் நான்கு வருடம் அந்த விதிப்படி மற்றவர்கள் வரைந்த கோடுகளுக்குள் வண்ணம் நிரப்பினேன். ஐந்தாவது வருடம், ஒரு பிப்ரவரியில், ரெஜினா ஒரு சாவியை என்னிடம் கொடுத்தார்.

"பஜார் ரோட்டுல பழைய மிளகுப் பண்டகசாலை. பக்கச்சுவர் நாற்பது அடி நீளம், பதினெட்டு அடி உயரம். ஓனர் லெட்டர் கொடுத்தாச்சு. இது சேச்சியோட சுவர்."

"யாரோட டிசைன்?"

"சேச்சியோட சுவர்னு சொன்னேனே."

மழைக்கு முன்னால் எங்கள் குழுவுக்கு இருந்த கடைசிச் சுவர் அது. அதை வரைந்து முடித்தால் கீழே என் பெயர் இருக்கும். தவறினால் மறுபடியும் இன்னொருவர் கோட்டுக்குள் வண்ணம் நிரப்பப் போக வேண்டும், எனக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாரும் சொல்ல முடியாது.

வரையவேண்டிய ஆளை நான் முன்பே தேர்ந்துவைத்திருந்தேன். பக்கத்துப் பண்டகசாலையில் காய்ந்த சுக்கைத் தரம் பிரிக்கும் தங்கம்மா. அறுபதை நெருங்கிய வயது. முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் நல்ல சுக்கு ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம் போய் நிற்கும். ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு.

"படம் முடியறவரைக்கும் ஆருகிட்டயும் சொல்லக்கூடாது, மோளே. சொன்னா கோடவுன்ல உள்ளவளுமாரு என்னைத் தின்னுடுவாளுங்க. பின்னே, வாயைத் திறந்த மாதிரி வரையக்கூடாது. முன்பல்லு ஒண்ணு இல்லே, கண்டல்லோ?"

மதிய இடைவேளையில் மூன்று நாள் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு, கண்ணை நன்றாக விரித்து. அவருடைய இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, எள் அளவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

சுவர் தயாரிப்பில் அவசரம் கூடாது. உதிர்ந்த பூச்சைச் சுரண்டினோம். உப்புப் பூத்த இடங்களைத் தண்ணீரில் கழுவினோம். கையளவு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டோம்; உள்பக்கம் வியர்க்கவில்லை என்றால் சுவர் காய்ந்திருக்கிறது. பிறகு வெள்ளைப் பிரைமர் இரண்டு கை பூசினோம். சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காயவிட்டு நான் வீட்டில் இருந்தேன்.

இங்கேதான் தவறு. அது தேர்தல் காலம். எங்கள் ஊரில் தேர்தல் காலத்தில் ஒரு சுவர் வெளுத்தால் ஒரு கட்சி அதைப் பிடித்துவிட்டது என்று பொருள். வெள்ளையடித்து, மூலையில் நீலத்தில் கட்சியின் பெயரையும் 'புக்ட்' என்ற சொல்லையும் எழுதிவிடுவார்கள். அந்த மூலையெழுத்தை மற்றக் கட்சி தொடாது. எழுதியவர்தான் அழிக்க வேண்டும். இந்த ஒழுங்கை ஊரில் எல்லாரும் மதிப்பார்கள். எத்தனையோ தேர்தலுக்கு நானே அந்த மூலையெழுத்தை எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், நாற்பது அடிச் சுவரை வெளுத்து, ஒரு மூலையிலும் ஒன்றும் எழுதாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் வறுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் போனபோது இடது மூலையில் ஒரு கட்சி இருந்தது. வலது மூலையில் இன்னொரு கட்சி. சுவருக்கு முன்னால் இரண்டு கூட்டம். ஒன்றின் நடுவில் ஷாஜி, மற்றதன் நடுவில் பாபு. இருவரும் வட்டாரச் செயலாளர்கள், பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"இது எங்க பிள்ளைங்க அடிச்ச வெள்ளையாக்கும்" என்றார் ஷாஜி.

"எந்தப் பிள்ளைங்க? பேரு சொல்லு."

"கிழக்கு வார்டுப் பிள்ளைங்க."

"எங்க பிள்ளைங்களும் கிழக்கு வார்டுதான். அவங்க அடிச்சதுன்னுதான் நாங்க எழுதினோம்."

இருவருமே பொய் சொல்லவில்லை. தன் ஆட்கள்தான் வெள்ளையடித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் மனதார நம்பியிருக்கிறார்கள். நான் பிரைமர் டப்பாவை உயர்த்திக் காட்டினேன்.

"வெள்ளை என்னோடது."

பாபு என்னைப் பார்த்தார். "செல்வியக்கா, நீங்களா? போன எலக்ஷனுக்கு எங்களுக்கு எழுதினது நீங்கதானே! உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்கு முந்தின எலக்ஷனுக்கு எங்களுக்கு எழுதினது" என்றார் ஷாஜி, விட்டுக்கொடுக்காமல்.

இருவருக்கும் என்மேல் கோபம் இல்லை. அழிக்கவும் தயார்தான். ஆனால் யார் முதலில்? முதலில் அழிக்கிறவரை மற்றவரின் ஆள் படம் பிடிப்பான்; பின்வாங்கிய கட்சி என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். "எனக்கு எல்லாப் பார்ட்டிக்காரங்களும் வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று நான்கு மணிக்கு வந்த ரெஜினா, பழம்பொரியை ஒரு கடி கடித்தார். இரண்டு மூலைகளையும் பார்த்தார். காகிதத்தை மடித்தார்.

"புதன்கிழமை கேண்டிடேட் லிஸ்ட் வரும். வியாழக்கிழமை காலையில பேரு எழுத ஆரம்பிப்பாங்க. எழுத்து விழுந்தா சுவர் போச்சு, சேச்சி."

"வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு விடுங்க" என்றேன்.

எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்திருந்தது. வருடங்களுக்கு முன்னால் இடக்கொச்சியில் ஒரு சுவரில், கையால் வரைந்த குடைக்கடை விளம்பரத்தில் ஒரு பெண் முகம் இருந்தது. சுற்றிலும் வெள்ளையடித்தோம், ஆனால் அந்தக் கண்மேல் தூரிகை வைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை. முகத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வேட்பாளர் பெயரை எழுதினோம். வேட்பாளர் பெரிய மீசை வைத்தவர். ஊரே அந்த முகத்தையும் பெயரையும் சேர்த்து வாசித்துச் சிரித்தது. அவர் தோற்றார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சுவரெழுத்தாளர்கள் கண் இருக்கும் சுவரில் பெயர் எழுதுவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குச் சாரம் ஏறினேன். ரெஜினாவின் விதியைத் தலைகீழாக்கி, கண்ணை முதலில் வரைந்தேன்.

முகமே இல்லாத சுவரில் கண் வைப்பது, நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகைச் செய்யத் தொடங்குவதுபோலத்தான். சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கட்டம் போட்டேன். முகம் பத்தடி அகலம் வர வேண்டும். முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கண். எனவே கண் இரண்டடி, இரண்டுக்கும் நடுவே இன்னொரு கண் அளவு இடம். தரையிலிருந்து பத்தடி உயரம். மூன்று முறை அளந்தேன். கருவிழிக்கு நான்கு வகைப் பழுப்பு. வெண்விழிக்கு வெள்ளை வைக்கக்கூடாது, வைத்தால் செத்த மீனின் கண் ஆகிவிடும். சாம்பலில் ஒரு துளி நீலம், ஓரத்தில் ஒரு துளி சிவப்பு. கருவிழியில் மின்னும் இடத்தில் மட்டும் எதுவும் பூசாமல் பிரைமரை அப்படியே விட்டேன். கடைசியாக இடது கண்ணின் வெள்ளையில் அந்தப் பழுப்புப் புள்ளி. சுவர் அளவில் அது ஒரு சாயா டம்ளரின் வாய் அளவுக்கு வந்தது.

நான்கு மணிக்கு ரெஜினா வந்தார். எதிர்ப்பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பழம்பொரியைப் பாதியில் நிறுத்தினார்.

"இடது கண்ணுல வண்ணம் தெறிச்சிருக்கு. துடைச்சிடுங்க."

"தெறிக்கல்லே. அந்தப் புள்ளி இருக்கிறதுதான்."

அவர் என்னையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். காகிதத்தை மடிக்கவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை. அப்படி ஒரு நிலையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

புதன்கிழமை அந்தச் சந்தின் நடமாட்டமே மாறிவிட்டது. வெள்ளைச் சுவரில் இரண்டு கண் மட்டும். சுவரோரமாக ஒதுங்கி நின்று வழக்கமாகச் செய்கிற காரியத்தை ஆண்கள் நிறுத்தினார்கள். பாதி அவிழ்த்த வேட்டியை மறுபடி கட்டிக்கொண்டு போனவர்களை நான் சாரத்தின் மேலிருந்து பார்த்தேன். சுமைதூக்கும் தொழிலாளர்கள் பீடி பிடிக்க அடுத்த சந்துக்குப் போனார்கள். எதிரே இருந்த சாயாக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார்.

"என் வீட்டுக்காரி பார்க்கிற மாதிரியே இருக்கு சேச்சி. கடனுக்கு சாயா கொடுக்கவே கை வரமாட்டேங்குது."

ஷாஜியின் சுவரெழுத்தாளர் வந்தார், பார்த்தார், "நான் எழுதமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாபுவின் எழுத்தாளரும் அதையே சொன்னார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மாலையில் பட்டியல் வந்தது. பாபுவின் கட்சி ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்பே பாபு அங்கே நின்றார். கையில் நீல வாளி, முகத்தில் நான் அதுவரை காணாத சந்தோஷம்.

"அக்கா, நீங்க நம்ம ஆளுன்னு எனக்குத் தெரியும். கண்ணு நீங்க போட்டாச்சு, கீழே பேரு நான் போடறேன்."

"இது உங்க கேண்டிடேட் இல்லே, பாபு."

"இல்லாட்டி என்ன? கண்ணு ஒத்துப்போகுதே!"

சந்தின் மறுமுனையிலிருந்து ஷாஜி பத்துப் பேரோடு வந்தார். "செல்விச்சேச்சி, இதைச் செய்வீங்கன்னு நான் நினைக்கல்லே. லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே அவங்க கேண்டிடேட்டோட கண்ணை வரைஞ்சிருக்கீங்க. யாரு சொன்னது உங்ககிட்ட?"

"யாரும் சொல்லல்லே. இது வேறொருத்தங்க கண்ணு."

"யாரோடது?"

தங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ரெஜினாவும் அதற்குள் வந்துவிட்டார். "யாரோட கண்ணு, சேச்சி? சொன்னா முடிஞ்சிடும்" என்றார் மெதுவாக. சொன்னால் சுவர் கிடைக்கும். ஆனால் எனக்காக மூன்று நாள் மதியச் சோற்றைத் தள்ளிவைத்து உட்கார்ந்தவரை ஊரின் முன் இழுத்துவிடுவதாகும். "சொல்ல முடியாது" என்றேன். ஷாஜியின் ஆட்களில் ஒருவர் வெள்ளை வாளியைத் திறந்தார். கண்ணை மூடிவிடுவதாகச் சொன்னார். குச்சியின் நுனியில் கட்டிய தூரிகையைத் தூக்கவும் செய்தார்.

"எடா, அதைத் தாழ்த்து!"

வேலைக்குப் போகிற வழியில், சோற்றுத் தூக்கோடு, தங்கம்மா நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சுவருக்கு முதுகு காட்டி நின்றார்.

"ஆரோட கண்ணுன்னா கேட்டே? என்னோட கண்ணு."

ஒருவரும் நம்பவில்லை. பாபு சிரித்தார். "சேச்சி, அது இளம் பொண்ணோட கண்ணு மாதிரியல்லவா இருக்கு?"

"என் கண்ணுக்கு வயசாகல்லே. மத்ததுக்குத்தான் ஆச்சு. மேலே பாரு, இடது கண்ணுல என்ன இருக்கு?"

"பெயின்ட் தெறிச்ச புள்ளி."

தங்கம்மா தூக்கைக் கீழே வைத்தார். சுக்குத் தூசி படிந்த விரலால் இடது கண்ணின் கீழிமையை இழுத்துப் பிடித்து, முதலில் பாபுவிடம் காட்டினார், பிறகு ஷாஜியிடம். இருவரும் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள், மறுபடி குனிந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் வரிசையில் வரத் தொடங்கினார்கள். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதற்குப் பதிலாக நோயாளியை ஊரே பார்ப்பதுபோல இருந்தது. கடைசியாக ரெஜினாவும் போய்ப் பார்த்தார்.

"பேரு எழுதணுமின்னா எழுதிக்கோ" என்றார் தங்கம்மா பாபுவிடம். "ஆனா என் பேரு எழுதணும். நான் நின்னா நீங்க ரண்டு பேரும் கெட்டிவச்ச டெபாசிட் காசு போயிடும்."

முதலில் சாயாக்கடைக்காரர் சிரித்தார். பிறகு சந்து முழுக்க. ஷாஜியும் பாபுவும் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துச் சிரித்தார்கள். தங்கம்மாவும் சிரித்தார், வாயைக் கையால் மறைக்காமல், பல் இல்லாத இடம் தெரிய.

மிச்சம் இருந்தது மூலையெழுத்து மட்டும். அதற்கும் அவரே வழி சொன்னார். "ஆளுக்கொரு மூலைக்குப் போங்க. நான் எண்ணுவேன்." ஷாஜி இடது மூலையில், பாபு வலது மூலையில், கையில் வெள்ளைத் தூரிகையோடு நின்றார்கள். "ஒண்ணு, ரண்டு, மூணு!" இரண்டு தூரிகையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டன. படம் பிடித்தவர்களுக்கு முதலில் அழித்தவர் என்று ஒருவர் கிடைக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் தங்கம்மா தூக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எல்லாரும் கண்டாச்சு. இனி என்ன? பல்லையும் வரைஞ்சுக்கோ."

"பல்லு இல்லாத இடத்தையும்?"

"அதுதான் சொன்னேன்."

சுவரோவியம் தெரிந்தவர்களுக்கு என் சிக்கல் புரியும். சிரித்தால் கன்னம் மேலேறும், கீழிமை மடியும், கண் பாதியாகச் சுருங்கும். ஆனால் கண்ணை நான் ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தேன், வாயை மூடி விறைப்பாக உட்கார்ந்திருந்த தங்கம்மாவின் கண்களாக. அவற்றை அழித்துச் சுருக்கியிருக்கலாம். சாரத்தில் ஏறி, தூரிகையைத் தொட்டு, இடது கண்ணுக்கு முன்னால் நின்றேன். இடக்கொச்சியில் வராத கை அன்றைக்கும் வரவில்லை. இறங்கிவிட்டேன். விரிந்த கண்ணுக்குக் கீழே பெரிய சிரிப்பை வரைந்தேன்.

பதினோரு நாளில் ஓவியம் முடிந்தது. நடுவில் முகம், இரண்டு பக்கமும் முறம் பிடித்த கைகள், முறத்திலிருந்து பறக்கும் தூசி. ரெஜினா நான்கு மணிக்கு வந்தார். எதிர்ப்பக்கத்தில் நின்றார். நான் சாரத்தின் மேல் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காகிதம் மடங்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தப்பு, சேச்சி" என்றார். "தொடாதீங்க."

அதற்குப் பிறகு எனக்குப் பல சுவர்கள் கிடைத்தன, ஆலுவாவில் ஆற்றங்கரையில் ஒன்று, ஒரு பள்ளியின் மதில் முழுக்க ஒன்று. எல்லாவற்றிலும் கண்ணைக் கடைசியில்தான் வரைந்தேன், விதிப்படி. எல்லாம் சரியான கண்கள். அவற்றைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

எனவே கலூரில் என்னிடம் கேட்ட அந்தப் பெண்ணுக்கும், அந்த வழிகாட்டிக்கும்:

திருத்தம். மட்டாஞ்சேரி பண்டகசாலைச் சுவரில் சிரிக்கும் பெண்ணின் கண்கள் ஓவியரின் பாணி என்று தெரிவிக்கப்பட்டது. அது பாணி அல்ல, பிழை. சிரிக்கும்போது கண்கள் சுருங்கியிருக்க வேண்டும். பிழைக்கு வருந்தவில்லை.